திஞ்சானுக்கு ஓர் இனிப்புத் தாம்பாளம்

எல்லாம் அக்கா மகளால் வந்தது. கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினாள். நீளமான மரப்பலகை, அதன்மேல் சாக்லேட், பிஸ்கட், ஸ்ட்ராபெர்ரி, திராட்சை என்று இண்டு இடுக்கில்லாமல் அடுக்கியிருந்தார்கள். "சித்தி, இதுக்குப் பேரு கிரேசிங் பிளாட்டர். எல்லாரும் சுத்தி நின்னு மேயுற மாதிரி எடுத்துச் சாப்பிடணும்." மேய்வதற்கு நாங்கள் என்ன மாடா என்று கேட்டுவிட்டேன். ஆனாலும் படம் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் இருந்தது. எங்களோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி எட்டு வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் வருகிறாள். (யாங்கோன் என்று பெயர் மாறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) அவள் வந்து சேரும் நாள் ஏப்ரல் 12. 13 முதல் 16 வரை திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, 17 பர்மிய வருஷப் பிறப்பு, நடுவில் 14 நம்முடைய சித்திரை முதல் நாள். 14ஆம் தேதி மாலை அவள் அம்மா வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர். இனிப்புத் தாம்பாளம் என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அந்தப் படத்தில் இருந்த மாதிரியே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக வைத்தேன். கருப்பட்டிக் கட்டிகள், கடையில் வாங்கிய பத்தெயின் ஊர் அல்வா, முறுக்கு, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்த கடற்பாசித் துண்டுகள், தர்பூசணி, நடுவில் கொஞ்சம் சாக்லேட். மதியம் இரண்டு மணி, மின்சாரம் இல்லாத நேரம். ஏப்ரலில் இங்கே பகல் வெயில் 37 டிகிரியை எட்டுவது சாதாரணம். சாக்லேட்டில் உள்ள கொக்கோக் கொழுப்பு 34 டிகிரிக்கே இளகிவிடும். அரை மணியில் சாக்லேட் கூழானது. தர்பூசணியிலிருந்து வடிந்த தண்ணீர் கருப்பட்டிக்கு அடியில் போய் அது கரைந்து பழுப்புக் குழம்பாகி, குழம்பு ஓடி முறுக்கைத் தொட்டு, முறுக்கு நமுத்துப் போனது. கடற்பாசியும் வெட்டிய பக்கமெல்லாம் நீர் விட்டது. ஒரு மணி நேரத்தில் எறும்பு வரிசை கட்டி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அமா எட்டிப் பார்த்தார். (பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.) சிரித்துவிட்டு உள்ளே போய்த் தன் லப்பெட் பெட்டியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். லப்பெட் என்றால் ஊறவைத்த தேயிலை. அதைப் பரிமாறுவதற்கென்றே இங்கே வட்டமான, அறை அறையாகத் தடுத்த, மூடி போட்ட அரக்குப் பெட்டி உண்டு. ஓர் அறையில் எண்ணெய் கலந்த தேயிலை. மற்ற அறைகளில் வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள், பொரித்த அவரைப் பருப்பு. ஈரமான தேயிலை மொறுமொறுப்பைத் தொடுவதே இல்லை. சாப்பிடுகிறவர் விரலில்தான் எல்லாம் ஒன்று சேரும். "நீ படத்தைப் பார்த்து வச்சிருக்கே, வெயிலைப் பார்த்து வைக்கல" என்றார். அமா பேசும் தமிழ் காளி கோயில் பக்கத்துத் தெருவில் சின்ன வயதில் விளையாடிக் கற்றுக்கொண்டது. நம்மைவிட நன்றாகக் குத்தும்.

அன்றைக்கே பலகையை ஒதுக்கினேன். எது ஈரம் விடும், எது ஈரத்தை இழுக்கும், எது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதினேன். அதற்கப்புறம் எல்லா முடிவும் அந்தத் தாளை வைத்துத்தான்.

சந்தை வேலையை 11ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். திஞ்சான் தொடங்கிவிட்டால் சந்தைகள் மூடிவிடும். தேங்காய் மறந்து போயிற்று என்று 13ஆம் தேதி வெளியே ஓடினால் நனைந்துகொண்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தெயின்ஜி சந்தைக்குப் போனேன். பெரியவர்கள் பிரேசர் தெரு என்று சொல்லும் அனோரத்தா சாலையில் காளி கோயிலை ஒட்டி மளிகை, மசாலாக் கடைகள். கோயில் 1871இல் தமிழர்கள் கட்டியது. கடைகளில் இன்றைக்கும் தமிழில் விலை கேட்கலாம்.

விலை தமிழில் கேட்கலாம், எடையும் பாதி தமிழ்தான். இங்கே எல்லாம் வீசைக் கணக்கு. பர்மாக்காரர்கள் பெய்ட்தா என்பார்கள், வெள்ளைக்காரன் எழுதி வைத்த 'விஸ்' நம் வீசையிலிருந்து போனது. ஆனால் அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய வீசை கிட்டத்தட்ட 1.4 கிலோ, இங்கத்திய வீசை 1.63 கிலோ. பாட்டியின் குறிப்பில் 'அரை வீசை வெல்லம்' என்று இருந்தால் அது எந்த ஊர் வீசை என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒத்திகை நாளில் அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனதற்கு இதுதான் காரணம். போட வேண்டியதைவிட நூறு கிராமுக்கு மேல் வெல்லம் கூடிவிட்டது. பாகு கூடினால் அதிரசம் உதிரும் என்று எல்லோருக்கும் தெரியும், எடைக்கல் மாறினாலும் உதிரும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இந்தத் தடவை அதிரசத்தை விட்டுவிட்டேன். முறுக்கு போதும்.

கருப்பட்டி கால் வீசை, அதாவது சுமார் 400 கிராம். இங்கே தன்யெ என்பார்கள். பகான், மிஞ்சான் பக்கத்து வறண்ட பூமியில் நிற்பதும் நம் பனைமரம்தான், இறக்குவதும் அதே பதனீர், காய்ச்சுவதும் அதே மாதிரிதான். தமிழ்நாட்டுக் கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, நெல்லிக்காய் அளவு உருண்டை. தேங்காய்த் துருவல் சேர்த்தது, இலந்தைப்பழம் சேர்த்தது என்று வகைகள் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெறும் பச்சைத் தேநீர் குடிப்பது இங்கே பழக்கம். சாக்லேட் இருந்த இடத்துக்கு இதைத்தான் வைத்தேன்.

அடுத்தது சனுவின் மகின். நம் ரவா கேசரிக்கு ஒரு பர்மிய அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். ரவையை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து, ஒரு பங்கு ரவைக்குத் தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக நான்கு பங்கு ஊற்றி அரை மணி ஊறவிட வேண்டும். ரவை அளந்த கப்பில் முக்கால் அளவு சர்க்கரை, கால் அளவு எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். கேசரி பதத்தில் இறக்கிவிடக் கூடாது. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், கை வலிக்க வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் சமன் செய்து மேலே கசகசா தூவி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும்.

13ஆம் தேதி மாலை ஐந்தரைக்கு மின்சார ஓவனில் வைத்தேன். எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ஏழு மணி வரை இருக்கும் என்று நம்பினேன், ஆறுக்கு முன்னாலேயே போனது. திறந்து பார்த்தால் ஓரம் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது, மேலே வெளிறிப் போய்ச் சளசளவென்று கிடந்தது. மறுபடி அமா. ஓவன் வருவதற்கு முன்னால் இந்தப் பண்டத்தை எப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே கரி அடுப்பை வெளியே இழுத்தார். அடியில் மிகக் குறைந்த தணல். தட்டின் மேல் தகர மூடி. மூடியின் மேல் அள்ளிப் போட்ட கங்கு. கீழே இருப்பதைவிட மேலே இரண்டு மடங்கு நெருப்பு இருக்க வேண்டும். ரவை ஏற்கெனவே வெந்ததுதான், நமக்கு வேண்டியது மேல் பக்கச் சிவப்பு. இருபத்தைந்து நிமிஷம். மூடியைத் தூக்கும்போது சாம்பல் உள்ளே விழாமல் ஒரே பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்று அமா சொன்னார், நான் கேட்கவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் விழுந்தது. அந்த மூலையை வெட்டி நானே தின்றேன். மற்றபடி ஓவனில் வராத ஒரு புகைவாசம் வந்திருந்தது. இனிமேல் மின்சாரம் இருந்தாலும் கரிதான்.

இதைச் சூட்டோடு வெட்டக் கூடாது. இரவெல்லாம் ஆறவிட்டுக் காலையில் வெட்டினால்தான் வைரத்துண்டு விளிம்பு உடையாமல் வரும்.

அதே இரவில் கடற்பாசி. இங்கே சௌக்சோ. ஒரு லிட்டர் திரவத்துக்கு 10 கிராம் பொடி. நான் 400 மில்லி தண்ணீரில் பொடியைக் கொதிக்கவிட்டு, அதில் 600 மில்லி தேங்காய்ப்பாலை ஊற்றினேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால். ஊற்றியதும் கஞ்சியில் கட்டி விழுந்த மாதிரி திப்பி திப்பியாக ஆகிவிட்டது. கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தால் இறுகத் தொடங்கும்; குளிர்ந்த பால் பட்ட இடமெல்லாம் அங்கங்கே இறுகிவிட்டது. பதறத் தேவையில்லை. திரும்பவும் 85 டிகிரிக்கு மேல் போனால் கரைந்துவிடும். அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டதும் சரியாகிவிட்டது. 150 கிராம் சர்க்கரையும் உப்பும் போட்டு, தேங்காய்ப்பால் லேசாகத் திரியும்வரை கொதிக்கவிட்டுத் தட்டில் ஊற்றி, கலக்காமல் விட்டேன். திரிந்த கொழுப்பு தானாக மேலே வந்து வெள்ளை அடுக்காகும், அடியில் கண்ணாடி மாதிரி ஓர் அடுக்கு நிற்கும். இரண்டு தடவை ஊற்றுகிற வேலையே இல்லை. பகலில் ஊற்றியிருந்தால் அறைச் சூடே 35க்கு மேல், இறுகவே யோசிக்கும். இரவு, அதுவும் தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு வைத்ததால் முக்கால் மணியில் முடிந்தது.

இறுகிய பிறகு வெயிலுக்கு உருகாது என்பது இதன் பெரிய நல்ல குணம். ஆனால் வெட்டினால் நீர் விடும், தேங்காய்ப்பால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் புளிக்கும். அதனால் வெட்டாமல் தட்டோடு எடுத்துப் போய், பரிமாறும்போது வெட்டி, தனிக் கிண்ணத்தில் வைப்பது என்று என் தாளில் எழுதினேன்.

பத்தெயின் அல்வா கடையில் வாங்கியதுதான். பச்சரிசி இல்லை, ஒட்டரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் கசகசாவும் போட்டுக் கிண்டுவது. மணிக்கணக்கில் கிண்ட என்னிடம் தோள் இல்லை. திருநெல்வேலி அல்வா வழுக்கிக்கொண்டு போகும், இது பல்லைப் பிடித்துக்கொள்ளும். கத்தியில் எண்ணெய் தடவி வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அடுப்பில் வாட்டிய வாழையிலைக் கீற்றில் சுற்றினேன். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும்.

இனி அடுக்குவது. மரப்பலகைக்குப் பதில் பாட்டியின் பித்தளைத் தாம்பாளம், குறுக்களவு ஒன்றரை அடி. ஈரம் விடும் கிண்ணங்களுக்கு ஒரு மூங்கில் தட்டு தனியாக. பித்தளையில் புளிப்பு நேராகப் படக் கூடாது. பட்டால் களிம்பு பிடிக்கும். சித்திரைக்கென்று வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி இருந்ததால், அதைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து மூங்கில் தட்டுக்கு அனுப்பினேன். தாம்பாளம் முழுக்க வாழையிலை விரித்து, ஆளுக்கு ஆறு துண்டு என்று எழுபத்திரண்டு துண்டு கணக்கு. கருப்பட்டியும் முறுக்கும் எதிரெதிர்க் கோடிகளில். நடுவில் அல்வாப் பொட்டலங்களும் சனுவின் மகினும் வேலியாக. மையத்தில் அமாவின் லப்பெட் பெட்டி.

அந்தப் பெட்டி வைக்கலாமா என்று யோசித்தேன், இனிப்புத் தட்டில் தேயிலை ஊறுகாய் எதற்கு என்று. ஒத்திகையின்போது நான்கு துண்டுக்கு மேல் எனக்கே இறங்கவில்லை, அதனால் வைத்தேன். கசப்பும் உப்பும் பூண்டும் ஒரு வாய் போனால் அடுத்த இனிப்புக்கு நாக்கு தயாராகிவிடும். பிள்ளைகளுக்கு மட்டும் இரவில் கொடுக்காமல் இருப்பது நல்லது; தேயிலையைக் குடிக்கவில்லை, தின்கிறோம், தூக்கம் போய்விடும். அரக்குப் பெட்டியைக் கழுவி ஊறவும் போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தோழி வீடு மூன்று தெரு தள்ளி. சாதாரண நாளில் ஏழு நிமிஷ நடை. ஆனால் அது திஞ்சான் இரண்டாம் நாள், மாலை நாலு மணி. தாம்பாளத்தை நெகிழித் தாளால் இரண்டு சுற்று சுற்றி, மேலே மேசைவிரிப்பைப் போட்டுக் கட்டி, சைக்காவில் ஏறினேன். சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை வைத்த வண்டி அது. மேலே கூரை கிடையாது. முதல் தெருவில் ஒரு பாட்டி வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து, தபியே என்கிற நாவல் இன மரத்தின் இலைக் கொத்தால் என் தோளில் மட்டும் தண்ணீர் தெளித்து வாழ்த்தினார். இப்படித்தான் எல்லோரும் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தெரு முனையில் பத்துப் பையன்கள், ஒரு ரப்பர் குழாய், இரண்டு டிரம். "பலகாரம், பலகாரம்" என்று பர்மிய மொழியில் கத்தினேன். அவர்கள் காதில் அது வாழ்த்தாக விழுந்திருக்க வேண்டும். ஒருவன் டிரம்மிலிருந்து வாளியோடு அள்ளி என் தலைக்கு மேலிருந்து ஊற்றினான்.

நான் தொப்பல். நெகிழித் தாள் தாங்கிவிட்டது, ஒரு மடிப்பைத் தவிர. அந்த மடிப்பு முறுக்குப் பக்கம்.

போய்ப் பிரித்துப் பார்த்தால் ஏழெட்டு முறுக்கு நனைந்து ஊறிவிட்டன. அவற்றைக் காக்கைக்குப் போட்டோம். பக்கத்தில் இருந்தவை நனையவில்லை, நமுத்துப் போயிருந்தன. அவற்றை எண்ணெய் இல்லாத கனமான இரும்பு வாணலியில் மிகச் சின்னத் தணலில் பரப்பி, ஐந்து நிமிஷம் புரட்டி, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பி வரும். ஆறுகிறவரை பொறுக்க வேண்டும், சூட்டில் கடித்தால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். கருப்பட்டிப் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. அல்வா வேலி வேலை செய்தது.

எறும்புக்கு எங்கள் அம்மா வழி: மேசைக்கால் நான்கின் அடியிலும் தண்ணீர் ஊற்றிய சிரட்டை. தோழியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, திஞ்சானுக்கு மேசையும் நனைந்தாயிற்று என்றார்.

ஒன்றை மட்டும் அங்கேயே செய்வது என்று விட்டு வைத்திருந்தேன்: மொன்லோன் யேபோ. 'தண்ணீரில் மிதக்கும் உருண்டைப் பண்டம்' என்று பொருள், திஞ்சான் என்றால் இது இல்லாமல் இல்லை. செய்து எடுத்துப் போனால் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகிவிடும்; தாம்பாளத்துக்கு ஆகாத பண்டம். மூன்று பங்கு ஒட்டரிசி மாவு, ஒரு பங்கு சாதாரண அரிசி மாவு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கொழுக்கட்டை மாவுபோலப் பிசைந்தேன். நடுவில் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் முதலில் மூழ்கும், வெந்ததும் மிதக்கும். மிதந்த பிறகு ஒரு நிமிஷம் விட்டு எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். உள்ளே கருப்பட்டி பாகாகியிருக்கும், அவசரப்பட்டால் நாக்கு பொத்துவிடும்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து உருட்டினோம். சிங்கப்பூர்த் தோழி எட்டு வருஷமாக மாவு தொடாத கை என்று சொல்லிச் சொல்லி எல்லோருடையதையும்விட அழகாக உருட்டினாள். வழக்கப்படி ஒன்றில் மட்டும் கருப்பட்டிக்குப் பதில் ஊசி மிளகாய். அதை உருட்டியது அக்கா மகள். மொத்தம் நாற்பத்தொன்று, ஒன்று மிளகாய்.

வெட்டிய சௌக்சோ முதலில் காலி. சனுவின் மகினில் நான்கு துண்டு மிச்சம், அதையும் தோழியின் அம்மா மறுநாள் காப்பிக்கு என்று எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். தர்பூசணியைப் பிள்ளைகள் தெருவிலேயே நின்று தின்று முடித்தார்கள். பச்சடியைத் தொட்டவர்கள் பெரியவர்கள் மட்டும். லப்பெட் பெட்டி இரண்டு தடவை நிரப்பப்பட்டது.

நாற்பத்தொரு உருண்டையும் தீர்ந்தன. யாரும் கத்தவில்லை. எங்கே அந்த மிளகாய் என்று அக்கா மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீ போடவே மறந்திருப்பாய் என்று சொன்னோம், அவள் காம்பை எடுத்துக் காட்டினாள்.

அமா மட்டும் யாரிடமும் பேசாமல், பிளாஸ்க்கிலிருந்து நான்காவது கோப்பை தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.